மாரியில் கறுத்த விரல்கள்

மாலை நாலு பத்துக்குத் தயிர்க்காரர் எங்கள் படலைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினார். வாக்களிப்பு முடிந்துவிட்டதென்று வானொலியில் சொல்லி முடித்த நேரம் அது. ஆபத்து எங்களைத் தொடாமல் கடந்துவிட்டது என்ற நிம்மதியில் நான் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்திருந்தேன்.

"என்ன ரீச்சர், நீங்க வரல்லயா? மகள் மட்டும் வந்து நிக்கிறா," என்றார் அவர்.

"எங்க?"

"அக்கரையில, கிரான் பள்ளிக்கூடத்தில, ஓட்டுப் போடுற வரிசையில. தயிர் கொண்டு போகக்குள்ள கண்டன். நம்மட பக்கத்தில இருந்து ஒரு குருவி வரல்ல. நம்மட புள்ள மட்டும் குடையப் பிடிச்சிட்டு நிக்குது!"

தெருவில் தயிர் கூவி விற்கிற குரல் அவருடையது. அதை எப்படித் தணிப்பது என்று அவருக்குத் தெரியாது. மெதுவாகப் பேசுங்கள் என்று கையைக் காட்டினேன்.

"நான் ஆருக்குச் சொல்லப்போறன் ரீச்சர்? உங்களிட்டச் சொன்னன், மறுகா கடையடியில சொன்னன், அவ்வளவுதான்," என்று சிரித்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டார்.

அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. செருப்புக்கூட இல்லாமல் தோணித் துறையை நோக்கி நடந்தேன்.

கடல் வந்ததற்கு அடுத்த வருடம் அது. மாங்கேணியில் எங்கள் வீட்டையும், தோணியையும், மகளுடைய அப்பாவையும் கடல் கொண்டுபோன பிறகு, சில மாதங்கள் கிரானில் அவருடைய தங்கை வீட்டில் இருந்தோம். வாக்காளர் பதிவுக்கு வந்தவர்கள் அந்த வீட்டில்தான் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டு போனார்கள். பிறகு எனக்கு வாவிக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அங்கே என் தகப்பன் வழியில் வந்த ஒரு துண்டு வயலும் சின்ன வீடும் இருந்தன. நானும் மகளும் அக்கரையைவிட்டு இக்கரைக்கு வந்தோம்.

இரண்டு கரையிலும் துவக்கு வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அக்கரையில் ஒரு பகுதியினர், இக்கரையில் இன்னொரு பகுதியினர். இந்தத் தேர்தலில் இக்கரையார் யாரும் வாக்களிக்கப் போகக்கூடாது என்று சொல்லப்பட்டிருந்தது. எழுதி ஒட்டவில்லை. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு வந்தது. எழுதி ஒட்டியிருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். தாளில் இருப்பதை வாசித்து, இதுதான் எல்லை என்று அறிந்துகொள்ளலாம். வாயால் வந்ததற்கு எல்லை இல்லை. போனால் என்ன செய்வார்கள் என்று ஒருவருக்கும் தெரியாததால், எல்லாவற்றையும் செய்வார்கள் என்று எல்லோரும் நம்பினோம்.

எனக்கும் வாக்காளர் அட்டை வந்திருந்தது. கிரானிலிருந்து மகளின் மாமி அதை அரிசிப் பைக்குள் வைத்து அனுப்பியிருந்தாள். நான் அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு மறந்துபோனதுபோல இருந்தேன். மகள் மறக்கவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது. முதல் வாக்கு.

"அம்மா, கடல் வந்த அண்டையில இருந்து இண்டைவரைக்கும் ஆராவது நம்மளிட்ட ஒண்டு கேட்டவங்களா? எங்க இருக்கப் போறீங்க, என்ன செய்யப் போறீங்க எண்டு? கூட்டிட்டுப் போனாங்க, இறக்கி விட்டாங்க, வரிசையில நிக்கச் சொன்னாங்க. இப்பதான் ஒருத்தர் கேக்கிறார், உனக்கு என்ன விருப்பம் எண்டு. கேட்டா பதில் சொல்லத்தானே வேணும்?"

"பதில் சொல்லாம இருக்கிறதும் பதில்தான்," என்றேன்.

"அது வகுப்பில செல்லுமா? வாக்குரிமைப் பாடத்துக்கு நீங்கதானே எனக்கு முழுப் புள்ளி போட்டீங்க. அதத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்க அப்ப."

நான் கோபித்துக்கொண்டேன். அவள் பேச்சை விட்டுவிட்டாள். காலையில், மாமி வீட்டில் சட்டை தைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லித் தோணி ஏறினாள். கையில் துணிப்பை இருந்தது. நான் நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதுதான் சரி.

துறைக்குப் போகிற வழியெல்லாம் மழை தூறியது. மாரி தொடங்கி வயல் வட்டைகள் எல்லாம் தண்ணீர் கட்டியிருந்தன. என் மனத்தில் ஒரே ஒரு விரல்தான் இருந்தது. இடக்கைச் சின்னவிரல். வாக்களித்தவருக்கு அதில்தான் மை பூசுவார்கள். கழுவினால் போகாது, நகம் வளர்ந்து வெட்டும்வரை இருக்கும். வேறு எதையும் மறைக்கலாம். வாக்களித்தவர் அதை உடம்பிலேயே எழுதிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டும்.

துறையில் ஒருவன் ஓலைக் கொட்டிலுக்குக் கீழே நின்றான். இருபத்தைந்து வயதிருக்கும். அவனை எனக்கு முகம் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து நாலைந்து வளவுக்கு அப்பால் கஜு என்கிற முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைக்கிற ஒரு அம்மாவின் மகன். துவக்கைத் தோளில் போட்டிருந்தான். தோணியில் வந்திறங்கியவர்களை வரிசையில் நிறுத்தி, "இடக்கையக் காட்டுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு கிழவர் இரண்டு கைகளையும் நீட்டினார். "மற்றது வேணாம் அப்பா, அத வச்சிருங்க," என்றான். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றது.

அந்தத் தோணியில் அவள் இல்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. நான் கொட்டிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில் நின்றேன். அவள் வராமல் மாமி வீட்டிலேயே தங்கிவிட வேண்டும் என்று வேண்டினேன். மறுநிமிடம், தங்கினால் ஏன் தங்கினாள் என்று கேட்பார்களே, வந்துவிட வேண்டும் என்று வேண்டினேன். எந்த வேண்டுதலைக் கடவுள் எடுத்துக்கொள்வார் என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசித் தோணியில் வந்தாள். நடுவில் உட்கார்ந்து, கைகளை மடியில் இருந்த துணிப்பைக்குள் விட்டிருந்தாள். இறங்கும்போது கையை வெளியே எடுக்க வேண்டி வந்தது. பத்து விரல்களும் கறுத்திருந்தன. நகம், நகக்கண், மடிப்பு எல்லாம் ஒரே கறுப்பு. சின்னவிரலில் இருந்த மை எதுவென்று பெற்ற எனக்கே தெரியவில்லை.

என்ன செய்திருக்கிறார்கள் என்று உடனே விளங்கியது. கஜுக்கொட்டையின் தோட்டிலிருந்து எடுக்கிற கொட்டெண்ணெய் மாமி வீட்டில் ஒரு போத்தலில் எப்போதும் இருக்கும். கறையான் பிடிக்காமல் தூண்களுக்குப் பூசுவாள். தோலில் பட்டால் கறுத்து எரிந்து உரியும். கஜு உடைக்கிற பெண்கள் எல்லோருக்கும் விரல்கள் அப்படித்தான் இருக்கும். அந்த விரல்களை எங்கள் பக்கத்தில் ஒருவரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கையில் மாமியும் அவளும் சேர்ந்து பூசியிருக்கிறார்கள்.

மூச்சு விட்டேன்.  மழை என் தலையில் விழுந்துகொண்டிருந்தது. கஜு காய்ப்பது கோடையில். சித்திரை, வைகாசியில்தான் ஊரெல்லாம் விரல்கள் கறுக்கும். ஆடி போனால் எல்லாருடைய தோலும் உரிந்து வெளுத்துவிடும். இந்த மாரியில் கறுத்த விரலோடு ஒரு பெண்ணும் இல்லை. பயத்தில் மாமியும் மகளும் மாதத்தை மறந்துவிட்டார்கள்.

அவன் அவளுடைய கையைப் பார்த்தான். தொடவில்லை. குனிந்து மணந்தான்.

"கஜுவா?"

"ஓம்."

"எங்கட அம்மாவும் உடைக்கிறவ. அவட கை இப்ப உங்கட முகத்த விட வெள்ள," என்றான். "மாரியில உங்களுக்கு மட்டும் எந்த மரம் காய்ச்சது?"

 நான் ஓடிப் போனேன். என்ன சொல்ல ஓடினேன் என்று தெரியாது. "தம்பி, இவ என்ட மகள்," என்றேன். 

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பின்னால் கொட்டிலுக்குள் இன்னும் இரண்டுபேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவன், "என்னடா அங்க?" என்று கேட்டான். இவன் மகளுடைய விரல்களை இன்னொருமுறை பார்த்தான். 

"ஒண்டுமில்ல," என்றான் அவன். பிறகு எங்களிடம், குரலைத் தாழ்த்தி, "வீட்ட போங்க ரீச்சர். எங்கயும் போகாதீங்க. பொறகு வருவம்," என்றான்.

பொறகு வருவம். இந்த இரண்டு சொற்களோடு வீட்டுக்கு நடந்தோம். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுதான் மகள் விரல்களை ஊதிக்கொண்டு அழுதாள். சின்னவிரலில் கொப்புளம் எழும்பியிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவினேன். 

"எரியுதா?"

"எரியுது. அம்மா, அடிக்காதீங்க."

"அடிக்கிறதுக்கு எனக்கு எங்க பெலன்?" என்றேன். அவளை அடித்து நான் பத்து வருடமாகியிருக்கும்.

விளக்கேற்றவில்லை. ஏற்றினால் ஆள் இருப்பது தெரியும், ஏற்றாவிட்டால் ஒளிந்திருப்பது தெரியும். இரண்டையும் யோசித்துக்கொண்டே இருட்டிவிட்டது. அக்கரைக்குப் போகலாம் என்றால் துறையில் அவர்கள். வயலுக்குள் இறங்கலாம் என்றால் இடுப்பளவு தண்ணீர். தண்ணீர் என்று நினைத்ததுமே மகள் வேண்டாம் என்று தலையாட்டினாள். கடலுக்குப் பிறகு அவளுக்குக் கால் நனைவதே பயம். அந்தப் பயத்தோடு தோணி ஏறிப் போய் வாக்களித்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்று துறையில் விரல் பார்ப்பவர் இல்லை. யுத்தம் முடிந்த பின் வந்த எல்லாத் தேர்தல்களிலும் நான் வாக்களித்திருக்கிறேன். மழையென்றாலும் போவேன், காய்ச்சலென்றாலும் போவேன். மை பூசுகிறவர் என் விரலைப் பிடிக்கும்போது இப்போதும் கை நடுங்கும். ஒருமுறை ஒரு உத்தியோகத்தர், "குளிருதா அம்மா?" என்று கேட்டார். ஓம் என்றேன். பள்ளிக்கூடத்தில் நான் வாக்குரிமை என்று படிப்பித்ததெல்லாம் வயது, பதிவு, இரகசியம் என்பவற்றோடு முடிந்துவிடும். போட்டுவிட்டு வீட்டுக்குப் பத்திரமாகத் திரும்பி வருவதும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அதை நான் அந்த இருட்டு வீட்டுக்குள் கற்றுக்கொண்டேன். இப்போது மகளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேர்தல் நாளில் அவள் வீடு திரும்பி எனக்கு அழைக்கும்வரை நான் சோற்றில் கை வைப்பதில்லை.

அந்த இரவு படலை கிறீச்சிட்டது. ஒரு ஆளின் காலடிதான் கேட்டது. மகளை அறைக்குள் தள்ளிவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ரீச்சர், கதவத் திறங்ககா. நான்தான்."

பெண் குரல். துறையில் நின்றவனுடைய தாய். தலையில் உரப்பையைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு மழையில் நனைந்து நின்றாள். இடுப்பில் ஒரு போத்தலும் பழந்துணியும் செருகியிருந்தாள். உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் கதவின் அடிப்பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"கறையான் அரிச்சுத்தான் கிடக்கு. நல்லதாப் போச்சு," என்றாள். "மகன் வந்தவன். ரீச்சர்ர வீட்டுக் கதவுக்குக் கறையானாம், மகள் கொட்டெண்ணெய் பூசினவவாம் எண்டு மத்தவங்களிட்டச் சொல்லிப் போட்டான். அவங்க காலத்தால வந்து கதவப் பாப்பாங்க. இப்ப பூசினா விடியக்குள்ள காஞ்சிரும்."

எனக்குக் கடையடி நினைவுக்கு வந்தது.

"தயிர்க்காரன்..." என்றேன்.

"அவனிட்டயும் போயிட்டுத்தான் வாறன். நீ கண்டது ரீச்சர்ர மகள் இல்ல, கடையடியிலயும் ஆள் மாறிக் கண்டன் எண்டு சொல்லிப் போட்டு அந்த வாயத் தயிர்ச் சட்டியால மூடு எண்டன்."

துணியை எண்ணெயில் நனைத்துப் பூசத் தொடங்கினாள். விளக்கேற்றச் சொன்னாள். ஏற்றினேன். வெளிச்சத்தில் அவளுடைய விரல்கள் உண்மையிலேயே வெளுத்திருந்தன. மகள் அறைவாசலில் வந்து நின்றாள். அந்த அம்மா அவளைக் கூப்பிட்டு, கொப்புளம் எழும்பிய சின்னவிரலைத் தன் உள்ளங்கையில் வைத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்புக்குக் கீழே மையைத் தேடினாள் என்று நினைக்கிறேன்.

"ஆருக்குப் போட்டாய் எண்டு நான் கேக்க மாட்டன் மனே, அது உன்ட," என்றாள். "அந்த ஓட்டுப் போடுற அறைக்குள்ள எப்பிடி இருக்கும்? நான் ஒரு நாளும் போனதில்ல. இருந்து சொல்லு, நான் பூசிப் பூசிக் கேக்கிறன்."