வெண்டைக்காய்க்குக் கையுறை

தப்பு என்னுடையதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பத்தில், பட்டப்பகலில், வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்த்த பெண்ணிடம் ‘தொடாதீர்கள்’ என்று சொன்ன மனிதன் நான். அதே ஊரில் பிறந்தவன், அதே வெண்டைக்காயைத் தின்று வளர்ந்தவன். மனநிலை சரியாகத்தான் இருந்தது, வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளலாம்.

இத்தாலிக்குப் போன முதல் வாரம், குடியிருப்புக்குக் கீழே இருந்த காய்கறிக் கடையில் ஒரு திராட்சையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே தக்காளியை அமுக்கிப் பார்த்தேன். கடைக்காரம்மா வந்து தக்காளியை என் கையிலிருந்து வாங்கி, துடைத்து, காம்பு கீழே இருக்கும்படி பழைய இடத்திலேயே வைத்தார். அங்கே சின்னக் கடைகளில் நாம் தொடக்கூடாது. சொன்னால் அவர்களே எடுத்துத் தருவார்கள். பெரிய கடை என்றால் பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கொண்டு எடுக்கலாம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. “ஓஜ்ஜி? தொமானி?” என்று கேட்டார். இன்றைக்கா, நாளைக்கா என்று அர்த்தம். எப்போது ஊருக்குத் திரும்புகிறாய் என்று கேட்கிறார் போல என நினைத்து, “இரண்டு வருஷம் கழித்து” என்று அரைகுறை இத்தாலியனில் சொன்னேன். அவர் கடையில் இருந்ததிலேயே பச்சையான தக்காளியாகத் தேடி எடுத்துக் கொடுத்தார். எப்போது சாப்பிடப்போகிறோம் என்று கேட்டு, அதற்கேற்ற பதத்தில் பொறுக்கித் தருவது அவர்கள் வழக்கமாம். அந்த இரண்டு வருஷம் பதினொன்று ஆனது. அதற்குள் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிற உத்தமன் ஆகிவிட்டேன்.

இந்த முறை விடுமுறைக்கு வந்தபோது, அங்கே இருந்தது போதும், கம்பத்தில் நீங்கள் நடத்துகிற காய்கறிக் கடையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். “ஒரு நா ஒக்காந்து பாரு, அப்புறம் பேசுவோம்” என்றவர், கடையை என்னிடம் விட்டுவிட்டு ஓடைப்பட்டிக்குத் திராட்சை எடுக்கப் போய்விட்டார். மற்றவர்கள் ஊருக்கு சாக்லேட் கொண்டுவருவார்கள். நான் கொண்டுவந்தது ஒரு பெட்டி கையுறை. அதைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன். தக்காளிகளை ஒவ்வொன்றாகக் காம்பு கீழே இருக்கும்படி அடுக்கினேன்.

முதலில் வந்தவர் சுருளிப்பட்டியிலிருந்து வாரம் தவறாமல் வருகிற அம்மா. “அண்ணன் எங்கன போனாக?” என்று கேட்டபடியே இரண்டு வெண்டைக்காயை ஒடித்துவிட்டார்.

“தொடாதீங்கம்மா. எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, நானே எடுத்துத் தாரேன்.”

“ஏன், என் கையில சொறி சிரங்கா இருக்கு?”

“அப்படியில்லம்மா. வேணும்னா இந்தக் கிளவுஸ மாட்டிக்கிட்டு எடுங்க.”

“வெண்டிக்காய்க்கு என்ன, பிரசவமா பாக்கப்போறேன்?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நிலைமையைச் சரிசெய்ய, கற்ற வித்தையை எடுத்துவிட்டேன். “இன்னைக்குச் சமைக்கவாம்மா, நாளைக்கா?”

“எதுக்குக் கேக்குற? சாப்பிட வாரியா?”

பையை உதறிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். சிரித்தவர்களும் அவர் பின்னாலேயே போனார்கள். அங்கே வெண்டைக்காய் ஒடிகிற சத்தம் இங்கே வரை கேட்டது.

மதியம் அண்ணன் வந்தபோது கடை கண்காட்சி மாதிரி இருந்தது. “ரெண்டே ரெண்டுதாண்ணே ஒடிஞ்சது” என்று பெருமையாகச் சொன்னேன். அவர் நடந்ததைக் கேட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போய், மற்ற சாமான்களை வாங்கிவிட்டு எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்த அந்த அம்மாவை என்னமோ சொல்லிச் சிரிக்கவைத்து, கையோடு கூட்டிவந்தார். அந்த அம்மா என் கண்முன்னே ஒவ்வொரு காயாக ஒடித்து, ஒடிந்ததைத் தட்டில் போட்டார். வளைந்ததை என் பக்கம் தள்ளினார். அண்ணன் ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில் திணித்துவிட்டு, “ஏலே, தக்காளி எடு” என்றார். எடுக்கப்போன என் கை பாதி வழியில் நின்றது. எந்த ஊர்ச் சட்டப்படி எடுப்பது என்று அதற்கே தெரியவில்லை.

அந்த அம்மா போனபிறகு மெதுவாகக் கேட்டேன்: “அப்ப, நான் இங்கனயே இருந்துரட்டுமாண்ணே?”

“ரிட்டர்ன் டிக்கெட்டக் கேன்சல் பண்ணிராத.”