குருவம்மாள் கலந்து வைத்த டிரம்

போடிமெட்டுக்குக் கீழே, ஜீப்பு ரோட்டை ஒட்டின சரிவில் ஜக்கையனுக்கு ஏலக்காய்த் தோட்டம். மேல்பாதி அவருடையது, ஓடைப் பக்கத்துக் கீழ்பாதி அவர் மனைவி குருவம்மாளுடையது. பத்திரத்தில் அப்படி எதுவும் கிடையாது. இயற்கை விவசாயப் பயிற்சிக்குப் போய்வந்த அன்று அவளாகவே பிரித்துக்கொண்டது. "எம் பக்கம் ஒங்க மருந்து ஒரு சொட்டு விழுந்துச்சு, அன்னைக்குச் சோறு கெடையாது" என்றாள்.

சாணித் தண்ணிக்குப் பூச்சி சாகுமா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார் ஜக்கையன். ஆனால் அவள் போடும் பஞ்சகவ்யத்தைக் காலையும் மாலையும் கலக்கிவிடும் சோலி அவர் தலையில்தான் விழுந்தது. சாணம், கோமியம், பால், தயிர், நெய் எல்லாம் அவள் சேர்ப்பாள். எவ்வளவு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கம்பைப் பிடித்துக் கலக்குவதோடு சரி.

தை மாதம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்து சொந்தபந்தம் மலையிறங்கின பிறகு, தோட்டத்து வீட்டில் மிச்சம் அவரும், அவள் கடைசியாகக் கலந்து வைத்த டிரம்மும்தான். விடிந்ததும் கலக்கினார். பொழுது சாய்ந்ததும் கலக்கினார். செடிக்கு மட்டும் ஊற்றவில்லை. ஊற்றினால் தீர்ந்துபோகும். மகள் வித்யா மதுரைக்குக் கூப்பிடும்போதெல்லாம், "டிரம்ம யாரு கலக்குவா?" என்பார்.

ஆடிச் சாரலில் கீழ்பாதி வெளுத்து நின்றது. இலையெல்லாம் மஞ்சள், சரத்தில் காயே இல்லை. பக்கத்துத் தோட்டத்து மொக்கையன் வேலியோரம் வந்து நின்றான்.

"என்ன மாமா, டிரம்முல ஊறுகாயா போட்டு வச்சிருக்கீக?"

"போடா, ஒஞ் சோலியப் பாரு."

"ஒண்ணு அத ஊத்துங்க. இல்லாட்டி நான் மருந்து கொண்டாந்து அடிச்சு விடுறேன். அத்த வளத்த செடி மாமா, கண்ணு முன்னால போகுது."

மறுநாள் அவளுடைய ஸ்பிரேயரைக் கழுவி எடுத்துவந்து, டிரம்மில் முதல்முறையாக அள்ளினார். அழுகல் நாற்றம் குப்பென்று அடித்தது. சில வாரமாகவே வந்த நாற்றம்தான். மழை ஈரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். ஓடைக்கு எட்டாத இடமாகப் பார்த்துக் குழி வெட்டி, அத்தனையையும் ஊற்றி மண்ணைத் தள்ளினார்.

புதிதாகப் போட வேண்டும். அளவு தெரியாது. குருவம்மாளின் செல்போனை எடுத்துச் சார்ஜ் போட்டு, பயிற்சியில் அவளோடு பழகின பொட்டிபுரத்து மாயக்காளைக் கூப்பிட்டார்.

எடுத்ததுமே சிரிப்பு. "ஏடி குருவம்மா! ஏலக்கா வித்த பவுசுல எங்களயெல்லாம் மறந்துட்டியாக்கும்?"

"நான் ஜக்கையன் பேசுறேன்த்தா. பஞ்சகவ்யம் போடணும். அளவு தெரியல."

"அட, அண்ணனா! சாணித் தண்ணின்னு கேலி பேசுன ஆளுல்ல நீங்க? அவகிட்டக் கேட்டா வெளக்குமாத்த எடுப்பான்னு பயமாக்கும்? போன அவகிட்டக் குடுங்க, நான் பேசுறேன்."

இதுவரை துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் தெரிந்து வந்தவர்கள். வாய்விட்டுச் சொல்லும்படி ஆனதே இல்லை.

"அவ தையிலயே போய்ட்டாத்தா."

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம்.

"பச்சச் சாணமா அஞ்சு கிலோ எடுங்கண்ணே" என்றாள் மாயக்காள். "நெய்ய ஊத்தி, மொதல்ல அத நல்லாப் பெசையணும். கேக்குறீகளா?"

"கேக்குறேன்த்தா. மெதுவாச் சொல்லு."