தோத்தாங்குளி கச்சேரி

பாலக்கோட்டில் பொங்கல் முடிந்த கையோடு கல்யாண மண்டபத்தில் நாலைந்து நாள் இசை விழா நடக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளாக நடக்கிறது. காலையில் வகுப்பு, மதியம் போட்டி, சாயங்காலம் கச்சேரி. வகுப்பில் சேலத்திலிருந்து வருகிற பாட்டு டீச்சர் எல்லாருக்கும் ஒரே புதுப் பாட்டைச் சொல்லிக்கொடுப்பார். போட்டியிலும் அதையேதான் பாட வேண்டும். நடுவரும் அவர்தான். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பிரிவு, காலேஜ் பிள்ளைகளுக்கு ஒரு பிரிவு, மிச்சம் இருக்கிறவர்களுக்குப் 'பொதுப் பிரிவு'. வயசாகியும் அடங்காதவர்கள் என்று அர்த்தம். அதில் நான் நிரந்தரமாகத் தோற்கிறவன்.

எனக்குத் தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிற வேலை. டிராக்டர் சத்தத்துக்கு மேலே என் சத்தம் கேட்க வேண்டும். கேட்கும். அதே தொண்டையோடு மேடையேறி முதல் வரியை எடுத்தால் மைக் செட்காரர் ஓடி வருவார். "அண்ணே, உங்களுக்கு மைக்கே வேணாம்ணே. கரண்டாச்சும் மிச்சமாவட்டும்" என்பார். டீச்சர் குனிந்து ஏதோ எழுதுகிற மாதிரி சிரிப்பார்.

வேறு எந்த ஊரிலும் இல்லாத வழக்கம் ஒன்று எங்கள் விழாவில் உண்டு. ஆரம்பத்தில் போட்டி முடிவு சொன்னதும் தோற்றவர்கள் கோபித்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்களாம். கடைசி நாள் கச்சேரிக்குக் காலி நாற்காலிதான் மிஞ்சுமாம். கமிட்டிக்காரர்கள் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கடைசி நாள் தோற்றவர்கள் எல்லாரும் மேடையேறி அந்தப் புதுப் பாட்டைச் சேர்ந்து பாட வேண்டும். ஜெயித்தவர்கள் பொன்னாடை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. தோற்றவர்களின் மாமன் மச்சான், அக்கம்பக்கம் என்று மண்டபம் நிரம்பிவிடும். நோட்டீஸில் 'சேர்ந்திசை' என்று போடுவார்கள். ஊருக்குள் அதற்குப் பேர் தோத்தாங்குளி கச்சேரி.

என் அக்காவைக் கம்பைநல்லூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. காடு, கறவை மாடு என்று கிடக்கிறவள். நல்லது கெட்டதுக்கு வந்தால்கூட, "பால் கறக்கணும்டா" என்று சாயங்கால பஸ்ஸுக்கு நிற்பாள். ஆனால் இசை விழாவுக்கு மட்டும் மாமா தலையில் மாட்டைக் கட்டிவிட்டு, துணிமணியோடு எங்கள் வூட்டில் வந்து இறங்கிவிடுவாள். அவளும் பொதுப் பிரிவு. அவளும் தோற்பாள். மைக்கைக் கண்டால் அவளுக்குக் குரல் வயிற்றுக்குள் போய்விடும். ஆனால் கடைசி நாள் மேடையில் என் பக்கத்தில் நின்றால் வாயை நன்றாகத் திறப்பாள். பாட்டு நடுவிலேயே என் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடிப்பாள், மெதுவாகப் பாடு என்று. நான் கேட்க மாட்டேன். வருஷத்தில் அந்த ஒரு பாட்டு நேரம்தான் நானும் அவளும் தோளோடு தோள் நிற்பது. அதற்காகத்தான் நான் போட்டிக்கே பேர் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே இந்தத் தடவைதான் தெரிந்தது.

அக்கா மகன் கனடாவில் வேலையில் இருக்கிறான். தீபாவளி முடிந்து அக்கா போன் செய்தாள்.

"உம் மாப்ள டிக்கெட் போட்டுட்டான்டா. மருமவ மாசமா இருக்கா இல்ல, எங்க ரெண்டு பேரையும் கனடாவுக்கு வரச் சொல்றான். விழா முடிஞ்ச மறுநாள் கெளம்பறோம்."

"எப்பக்கா திரும்புவ?"

"தெரியலடா. மாட்டக்கூட வித்தாச்சு."

மாட்டை விற்றுவிட்டாள் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஒன்றே ஒன்று முடிவு செய்தேன். இந்த வருஷம் எப்படியாவது அக்கா பக்கத்தில் நின்று பாடிவிட வேண்டும்.

எப்படியாவது என்ன, தோற்க வேண்டும், அவ்வளவுதானே. அதில் எனக்கு நல்ல அனுபவம். இருந்தாலும் கூடுதல் ஜாக்கிரதையாக இருந்தேன். மற்ற வருஷமெல்லாம் வகுப்பு முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்கு ஏறிச் சாதகம் செய்வேன். டீச்சர் நேராகச் சொல்லிக்கொடுத்த வரியை இழுத்து, குழைத்து, அங்கங்கே இரண்டு பிருகாவைத் தூவுவேன். என் மனைவி பக்கத்து வூட்டுக்குப் போய்விடுவாள். இந்தத் தடவை மாடிப் பக்கமே போகவில்லை. சாதகம் செய்தே தோற்கிறவன், செய்யாவிட்டால் எங்கே ஜெயிக்கப்போகிறேன்? நிம்மதியாகப் போய் நின்றேன். டீச்சர் சொல்லிக்கொடுத்தது எதுவோ அதை மட்டும் பாடிவிட்டு இறங்கினேன்.

மூன்றாம் பரிசு கொடுத்துவிட்டார்கள்.

மண்டபமே சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். அக்கா கை தட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, என்னைப் பார்த்தாள். நான் டீச்சரிடம் ஓடினேன்.

"டீச்சர், ஏதாச்சும் தப்பா எழுதிட்டீங்களா?"

"தப்பெல்லாம் இல்லிங்க. போன வருஷம் வரைக்கும் நான் சொல்லிக்குடுத்த பாட்ட நீங்க பாடவே இல்ல. இந்த வருஷந்தான் பாடுனீங்க."

என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "தோக்கறதக்கூட ஒழுங்கா செய்யத் தெரியலையே உங்களுக்கு!"

விழாக் கமிட்டிச் செயலாளர் உரக்கடை வைத்திருப்பவர். மேடைக்குப் பின்னால் சாமியானாக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் புகுந்து, "எனக்குப் பரிசு வேணாங்க" என்றேன்.

"ஏங்க, சின்னதா இருக்குதா?"

"அதில்லிங்க. எடுத்து நாலாவது ஆளுக்குக் குடுத்துருங்க. நான் மேடையில நின்னுக்கறேன்."

"நாலாவது யாருன்னு தெரியுமா? உங்க அக்கா. கொரல் இந்தத் தடவ கொஞ்சம் வெளிய வந்துச்சாம். குடுத்துரட்டுங்களா?"

கொடுத்தால் நான் மேடையில், அவள் முன்வரிசையில். கடைசியாக, பரிசையும் வாங்கிக்கொண்டு மேடையிலும் ஓரமாக நின்றுகொள்கிறேனே என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"உங்கள வுட்டா மொதப் பரிசுக்காரரும் ஏறி நிப்பாரு. அவரு கொரலுக்கு முன்னாடி தோத்த சனம் வாயத் தொறக்குமா? போய் உக்காருங்க சார்."

இத்தனை வருஷத்தில் அவர் என்னை சார் என்றது அன்றைக்குத்தான்.

அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "உக்காந்து கேளுடா. ஒரு வருஷமாச்சும் எங்கள நிம்மதியா பாட வுடு." சொல்லிவிட்டுத் திரும்பி நின்று பூவைச் சரிசெய்தாள். ரொம்ப நேரம் சரிசெய்தாள்.

கடைசி நாள் பொன்னாடை கழுத்தில் குத்த, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தோத்தாங்குளிகள் மேடையேறினார்கள். நான் வழக்கமாக நிற்கிற இடத்தில், கம்பி வியாபாரம் செய்கிறவர் ஒருத்தர் நின்றார். அக்கா அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள். அந்த இடம் காலியாகவே இருந்தது. சுருதிப் பெட்டி போட்டார்கள். எல்லாரும் பாட ஆரம்பித்தார்கள்.

இரண்டாவது வரியில் மெல்லிசாக ஒரு குரல் தனியாகத் தெரிந்தது. லேசான கரகரப்பு. ஆனால் தடுமாறவில்லை. யாரடா இது என்று ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். அக்கா. கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் காதுக்குப் பக்கத்தில் நின்று பாடியிருக்கிறாள், எனக்கு ஒரு வரிகூடக் கேட்டதில்லை. என் சத்தம்தான் எனக்குக் கேட்டிருக்கிறது. பாட்டு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.

மறுநாள் பெங்களூர் ஏர்போர்ட்டுக்குக் கார் வந்தது. வழியனுப்பும்போது நான் தக்காளி ஊறுகாயைப் பற்றி மட்டும் பேசினேன். கஸ்டம்ஸில் பிடுங்கிக்கொள்வார்களா, மாட்டார்களா என்று. அக்காவும் அதைப் பற்றியே பேசினாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வீடியோ கால். அவளுக்கு அப்போது காலை. மடியில் பேத்தி இருப்பாள், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கிடக்கும். ஒரு நாள், "அந்தப் பாட்ட நம்ம ரெண்டு பேரும் பாடலாம்டா" என்றாள். பாடினோம். ஆகவில்லை. அவள் வரி முடிக்கும்போது இங்கே பாதிதான் வந்து சேருகிறது. அதிலும் நான் வாயைத் திறந்தால் போன் என் சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவளை அமுக்கிவிடுகிறது. இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டே போனாள். சரணத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"என்னடா, சத்தமே காணோம்? கட்டாயிருச்சா?"

"இல்லக்கா. இருக்கறேன். நீ பாடு."