திருநீற்றுக்கு அலறிய மகள்

என் ஐந்து வயது மகளுக்கு நெற்றியில் விரல் பட்டாலே ஆகாது. காலையில் திருநீறு பூசப் போனால் தெருவே கேட்க அலறுவாள். சாமியே வேண்டாம் என்கிறாளோ என்று எனக்குப் பயம். வலிக்கக் கூடாதென்று பூப்போலத் தொடுவேன். அலறல் இன்னும் கூடும்.

கள்ளக்குறிச்சியில் அவளுக்குத் தொடு உணர்வுக்கான தெரபி கொடுக்கும் டீச்சர் இதைக் கேட்டுச் சிரித்தார்.

"மயிலிறகால தடவுற மாதிரி தடவுனா இன்னாங்க பண்ணுவா? லேசா பட்டாத்தான் இவளுக்குத் தாங்கல. முன்னாடியே அவகிட்ட சொல்லிட்டு, நல்லா அழுத்திப் பூசுங்க."

மறுநாள், "அப்பா பூசப் போறேன்" என்று சொல்லிவிட்டு, மூன்று விரலால் அழுத்தி இழுத்தேன். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்து மறுபடியும் நெற்றியில் அழுத்திக்கொண்டாள். சிவசிவா, எனக்குத்தான் கண் கலங்கியது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது? பூசச் சொன்னா, புள்ளைக்குச் சுண்ணாம்பு அடிச்சி வெச்சிருக்கீங்க!"