கியரைப் பிடிக்க ஓர் ஆள்

மலையில் ஒரு சுகாதார நிலையத்துக்கு எனக்கு மூன்று வருஷ போஸ்டிங் என்று தெரிந்த அன்றே என் கணவர் யூடியூபில் ஜீப் வீடியோ பார்க்க ஆரம்பித்துவிட்டார். கடைசி நாலு கிலோமீட்டர் செங்குத்தான மண் பாதை. மழையில் சாதாரணக் கார் ஏறாது, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேண்டும். போகப்போவது நான், அதுவும் தனியாக. அவருக்கு வேலை கல்கத்தாவில். கார் ஓட்டவும் தெரியாது. ஆனாலும் ஜீப் விற்கிறவர்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். அவரும் எல்லாம் தெரிந்தவர் மாதிரி தலையாட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அலிப்பூரில் ரிட்டயரான ஒருவரிடம் பழைய ஜீப் இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை டீயும் சிங்காடா என்கிற சமோசாவும் கொடுத்து, வண்டி ஏறாத மலையே இல்லை என்று கதை சொன்னார். ஓட்டிப் பார்க்கலாமா என்றால் மட்டும் "ஹோபே, ஹோபே", ஆகட்டும் ஆகட்டும். மூன்றாவது வாரம் ஒற்றைக்காலில் நின்று கிளப்பினேன். கிடர்பூரில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரின் ஷெட்டுக்குப் பின்னால் சேறும் சரிவுமாக ஓர் இடம் உண்டு; அங்கே ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு.

புறப்படும்போது ஜீப்காரரின் மனைவி, நாங்கள் காக்கிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுகிறவர், கைப்பையோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அது அவருடைய இடமாம். ஷெட்டில் மெக்கானிக்கும் ஏறிக்கொள்ள, ஆண்கள் மூவரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வண்டி பார்க்க வந்தோமா, பிக்னிக் வந்தோமா?

சரிவுக்கு முன்னால் நிறுத்தி, பெரிய கியருக்குப் பக்கத்தில் ஏற்றத்துக்கென்றே இருந்த குட்டி கியரை லோவில் போட்டேன். காக்கிமாவின் வலது கை தானாக இறங்கி அதைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் இருக்கும் லேக் கார்டன்ஸில் கறிவேப்பிலை நல்லதாகக் கிடைக்கிறதா என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். ஜீப் கிடுகிடுவென்று பாதிச் சரிவு ஏறிவிட்டது.

"சூப்பர்! இதையே முடிச்சுடலாம்" என்றார் பின்னாலிருந்து என் கணவர்.

"காக்கிமா, கையைக் கொஞ்சம் எடுங்களேன்" என்று பெங்காலியில் சொன்னேன்.

"எடுத்தால் நழுவிடுமே?" என்று ஆச்சரியப்பட்டு எடுத்தார்.

டக்கென்று கியர் கழன்றது. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் சுற்றவில்லை. வண்டி பின்பக்கமாக இறங்கத் தொடங்கியது. "ஐயோ, பிரேக்கு!" என்று என் கணவர் அலறுவதற்குள் நான் மிதித்துவிட்டேன்.

உரிமையாளர் முகத்தில் துளி வெட்கம் இல்லை. "ஓ கிச்சு நா! அதெல்லாம் ஒன்றுமே இல்லை. பிடித்துக்கொண்டால் போதும். பதினோரு வருஷமாக இவள்தானே பிடிக்கிறாள்!"

மனிதர் பொய் சொல்லவில்லை. அதை ஒரு கோளாறாகவே அவர் நினைத்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கியர் பெட்டியைப் பிரித்தாலும் இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் கிடைப்பது கஷ்டம், நான் பொறுப்பேற்க மாட்டேன் என்று மெக்கானிக் கையை விரித்தார்.

"ஒரு கயிறு போட்டுக் கட்டிட்டா?" என்றார் என் கணவர்.

"நடுச் சரிவுல அவுக்கறதுக்கு நீங்க வருவீங்களா?" என்றேன்.

காக்கிமா கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உன் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?" என்று கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். என் கணவர் மெதுவாக, "நான் வேணா லீவு போட்டுட்டு வரட்டுமா? நான் புடிச்சுக்கறேன்" என்றார்.

"எத்தனை நாள்?"

"கேட்டா பத்து நாள் குடுப்பாங்க."

அவர் மனசாரத்தான் சொன்னார். எனக்குத்தான் கத்துவதா அழுவதா என்று தெரியவில்லை.

"வேற வண்டி பாப்போம்," என்றேன். "தனியா ஓட்டற மாதிரி."