குருவி வெடியும் லோடு என்கிற நாயும்

இன்று காலை அண்ணன் எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். புல்தரையில் ஒரு நாய் படுத்திருக்கிறது, அதன் முதுகில் கோழிக்குஞ்சு ஏறி நிற்கிறது. நாயை அன்பாகப் பழக்கினால் கோழியோடு ஒற்றுமையாக இருக்கும் என்று ஒரு பெண்குரல் குழைகிறது. கூடவே அண்ணனின் குரல் பதிவு: "பொறுமை வேணும் தாயி, பொறுமை. எம்புட்டு அருமையா பழக்கியிருக்கா பாரு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுமையைப் பற்றி யார் யாருக்குச் சொல்வது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பல வருஷங்களுக்கு முன்பு நான் எம். புதுப்பட்டியில் அண்ணன் வீட்டில் இருந்தேன். பட்டாசுக் கம்பெனியில் பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலை. எவ்வளவு கழுவினாலும் பசை வாடை விரலை விட்டுப் போகாது. சோறு பிசைந்தாலும் மைதாதான் மணக்கும். அந்த வாடைக்குத்தான் லோடு என் பின்னாலேயே அலைகிறது என்பது மதினியின் கட்சி. லோடு என்பது நாய். லோடு ஏற்ற நின்ற லாரிக்கு அடியில் குட்டியாகக் கிடந்தது, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அந்த வீட்டில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

மதினிக்குக் கோழிகள்தான் உயிர். ஒருநாள் லோடு ஒரு விடைக்கோழியைக் கவ்விக் கொன்றுபோட்டது. "இன்னொண்ணு போச்சுன்னா இந்த நாயி இங்கன இருக்காது, ஆமா" என்றார் மதினி. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பழக்க ஆரம்பித்தேன். லோடை முருங்கையில் கட்டுவேன். எட்டாத தூரத்தில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, உள்ளே அடைந்த கோழிகளுக்குக் குருணை போடுவேன். குரைத்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கோழியை விட்டு என்னைப் பார்த்தால் ஒரு கவளம் சோறு. பஞ்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் நகர்த்தி, கடைசியில் அதைத் தூக்கியே விட்டேன். சேவல் லோடின் மூக்குக்கு முன்னால் நடந்து போனது. லோடு கண்ணை மூடிக்கொண்டது. அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கயிற்றை அவிழ்ப்பதுதான் பாக்கி, அதற்குள் அண்ணன் நடுவில் புகுந்தார்.

அண்ணனுக்குக் கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்க்கிற வேலை. குரங்கு வந்தாலும் வெடி, பன்றி வந்தாலும் வெடி. மோட்டார் ஓடாவிட்டால் அதற்கும் ஒன்றைப் பற்றவைப்பார் என்று மதினியே கேலி செய்வார். "சோறு ஊட்டியா நாய பழக்குவாக? நல்ல மாட்டுக்கு ஒரு சூடு" என்றார். அதன்பிறகு லோடு கோழிப் பக்கம் தலையைத் திருப்பும்போதெல்லாம் அதன் வாலருகே ஒரு குருவி வெடி. "விடுங்கண்ணே, அது இப்பத்தான் படியுது" என்று குறுக்கே போய் நின்றேன். "நவுரு, கால்ல பட்டுறப் போகுது" என்றார். அவருக்கு இருந்த கரிசனம் அவ்வளவுதான்.

பலித்த மாதிரிதான் இருந்தது. கோழியைக் கண்டால் லோடு ஒடுங்கி, நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போனது. தெருவே அண்ணனை மெச்சியது. "எப்புடி?" என்று மீசையைத் தடவிக்கொண்டு கயிற்றை அவரே அவிழ்த்துவிட்டார்.

தீபாவளி சீசன் வந்தது. ஒரு சாயங்காலம் கம்பெனிப் பக்கம் வெடிகளைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள். முதல் சத்தத்துக்கே லோடு துள்ளி எழுந்து கோழியைத் தேடியது. அதன் கணக்கில் வெடிப்பது கோழிதான். கோழி வந்தபோதெல்லாம்தானே வெடித்தது? அடுத்த சத்தத்துக்கு அடைக்கோழியின் கழுத்தைப் பிடித்தது. அதைப் போட்டுவிட்டு இன்னொன்று. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் கொல்லையெல்லாம் இறகு. சத்தம் ஓய்ந்ததும் என் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. என்னைக் காப்பாற்றிவிட்டதாகவே அது நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அண்ணன் அதைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய் வெம்பக்கோட்டை அணைப் பக்கம் விட்டுவிட்டு வந்தார். "அங்கன மீனு கெடக்கும், பொழச்சுக்கிரும்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்த் தேடினேன். கரையில் நின்று "லோடு, லோடு" என்று கத்தினால் லாரிக்காரர்கள்தான் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கமும் கம்பெனிகள்தான், அங்கேயும் வெடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அண்ணனை அன்றும் மன்னிக்கவில்லை, இன்றும் மன்னிக்கவில்லை.

வீடியோவைப் பார்த்த சூட்டோடு அண்ணனுக்குப் போன் போட்டேன். வெடித்து வெடித்து அவருக்குக் காது மந்தம், கத்தித்தான் பேச வேண்டும். "நம்ம நாயி லோடு, ஞாபகம் இருக்காண்ணே?"

கொஞ்சம் யோசித்தார். "ஓ, அந்தக் கோழி தின்ன நாயா?"

போனை வைத்துவிட்டேன். மதினி போய்ச் சேர்ந்துவிட்டார். முருங்கையை வெட்டிக் கொல்லைக்குச் சிமெண்ட் போட்டாயிற்று, பேரன் அங்கே பைக் நிறுத்துகிறான். கறி கறுப்புப் பையில் கடையிலிருந்து வருகிறது. அந்தத் தெருவில் இன்று பஞ்சாரம் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். லோடை ஞாபகம் வைத்திருக்க இனி நானும் அவரும்தான்.

அது ஒரு கோழியைக்கூடத் தின்னவில்லை.