திருவிழா முடிந்தால் வரும் வலி

எங்கள் ஊர் அகரம் பக்கம். அப்பா பூ விவசாயி. ஊர்த் திருவிழா முடிந்ததும் வருடாவருடம் அவருக்கு வயிறு வலிக்கும். "கிடாக்கறி சேரலப்பா" என்று சோடா குடித்துச் சமாளிப்பார். நானும் நம்பினேன்.

போன வருடம் வலி முதுகுவரை குத்தியது, வாந்தியும் நிற்கவில்லை. திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கேயும் அம்மா கறியைத்தான் சொன்னார். எனக்குச் சந்தேகம் தட்டியது.

"சார், கல்யாண வீட்டுக் கறி இவர ஒண்ணும் செய்யல. திருவிழா மூணு நாள் மட்டும் அம்புட்டுக் குடிப்பாரு. அப்பத்தான் வலிக்குது" என்றேன்.

"ஏலே, இங்க வந்து அதச் சொல்லணுமா?" என்று அந்த வலியிலும் அப்பா முறைத்தார்.

டாக்டர் சோதனைகள் செய்தார். கணையம் வீங்கியிருந்தது. கணையத்தை வீங்கவைக்கும் பித்தப்பைக் கல் அவருக்கு இல்லை, குடிதான் காரணம். "சோடா குடிச்சுப் படுத்திருந்தா உயிருக்கே ஆபத்து. கவனிச்சுச் சொன்னீங்க தம்பி" என்றார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அன்று அம்மா என்னைப் பார்த்த பார்வை போதும்.

இப்போதெல்லாம் திருவிழாச் சமயத்தில் யாருக்கு வயிறு வலித்தாலும், "குடிச்சீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறேன், கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன்.

இந்த வருடம் பங்காளி நீட்டிய கிளாஸை அப்பா தள்ளிவிட்டார். "வேணாம்யா. எம்மகன் டாக்டருக்கே வெவரம் சொன்னவன், தெரியும்ல!"